கடவுச்சொல் கேட்காத சர்வர்

நசீமாவிடம் லினக்ஸ் என்னும் கம்ப்யூட்டர் இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ள வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் பழனிவேலு. கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஆசிரியைக்கு முப்பத்துச் சொச்சம். மாணவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் அவளை டீச்சர் என்றார், அவள் அவரை அண்ணா என்றாள். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

பழனிவேலு கரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கூடவே ரத்ததானக் குழு ஒன்றும் நடத்தினார். குழுவின் பெயர்ப்பட்டியல் வாட்ஸாப்பில் சுற்றிய காலத்தில், முகம் தெரியாத ஆண்கள் அதிலிருந்த பெண்களுக்கு போன் செய்து தொல்லை கொடுத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பழனிவேலு வீடு வீடாகப் போனார். இனி உங்கள் நம்பர் வெளியே போகாது, அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லித் திரும்ப அழைத்து வந்தார். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான், பட்டியலைப் பத்திரமாக வைக்கக் கடைக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் சர்வர் நிறுவினார்.

நிறுவுவது சுலபமாக முடிந்தது. உள்ளே போவதுதான் நடக்கவில்லை.

"டீச்சர், கம்ப்யூட்டர் என்னுது. லினக்ஸ் போட்டது நானு. அதுல எதையும் மாத்தற ரூட் அதிகாரமும் என்கிட்டத்தான் இருக்குதுங்க. ஆனா இந்த டேட்டாபேஸ், அப்படி ஒரு ஆளையே தெரியாதுங்குது. சொந்தக்காரனையே யாருன்னு கேக்குதுங்களே, இது என்ன நியாயம்?"

"கேக்கட்டும்ணா. பதில் சொல்லிப் பழகுங்க. ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு உண்டாக்கிக் குடுங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மனம் ஆறவில்லை. ராத்திரி பகலாகக் கட்டளை தட்டியவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறதே என்றிருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பழனிவேலுவுக்கு ஆத்திரத்தோடு இன்டர்நெட்டும் இருந்தது. எவனோ எழுதி வைத்திருந்த யோசனையைப் பார்த்து, சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினார். அதன் பிறகு சர்வர் யாரிடமும் கடவுச்சொல் கேட்கவில்லை. குழுப் பையன்கள் தங்கள் லேப்டாப்பிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று கடை வைஃபைக்கும் அதைத் திறந்துவிட்டார். வைஃபை பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் வசதிக்காகக் கடைச்சுவரில் ஒட்டியிருந்தது.

பட்டியல் முழுவதையும் ஏற்றியதும் நசீமாவை வரவழைத்துக் காட்டினார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"இப்பக் கேக்கறதே இல்லீங்க டீச்சர். தட்டுனா திறக்குது."

"எல்லாருக்குமா?"

"நம்ம ஆளுங்க எல்லாருக்கும்ங்க."

நசீமா சுவரைப் பார்த்தாள்.

"ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன்ணா," என்று லேப்டாப் பையோடு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள்.

டீ ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது. பழனிவேலுவின் போன் அடித்தது. கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் பூங்கோதை. அவளும் குழுவில் பெயர் கொடுத்தவள்தான்.

"அப்பா, யாரோ ஒரு பொம்பளை போன் பண்ணுனாங்க. என் பேரு, வயசு, ரத்த குரூப்பு, ஹாஸ்டல் ரூம் நம்பர் எல்லாம் சரியாச் சொல்றாங்கப்பா. பயமா இருக்குது."

"நீ பயப்படாத கண்ணு. நான் பாத்துக்கறேன்," என்று போனை வைத்தார். டீச்சரிடம் சொல்லக் கடையை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடினார்.

நசீமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில், கடை வைஃபையில் இணைந்த லேப்டாப். திரையில் அவருடைய குழுவின் பெயர்கள், நம்பர்கள், தெருக்கள்.

பழனிவேலுவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கோபம்தான் முதலில் வந்தது.

"புள்ளைய ஏனுங்க டீச்சர் பயமுறுத்துனீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதாதுங்களா?"

"தப்புதான். அதுகிட்ட நானே பேசி மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா அதுகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்ணா. கூடத் தங்கியிருக்கற பொண்ணோட நம்பர்."

"குடுத்துருச்சுங்களா?"

"இல்லை. நீங்க யாருன்னு கேட்டுச்சு. நான் சொல்லலை. போனை வெச்சிருச்சு."

நசீமா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது கேக்கலைண்ணா."