குகை வாசலில் நின்ற முள்ளம்பன்றி

ஒரு காட்டில், இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு சரிவில், மைனா ஒன்று வாழ்ந்தது. பழைய கதை சொல்வதில் அதற்கு ஈடே இல்லை. ஆண்டுதோறும் முதல் மழை பெய்து ஓய்ந்ததும் மிருகங்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துவிடும்.

"அந்தப் பெருமழைக் கதையைச் சொல்லேன்!" என்று கேட்கும்.

மைனாவும் சொல்லும். மூன்று நாள் விடாத மழை. காட்டாறு பொங்கிவர, எல்லாம் ஒரே குகைக்குள் ஒண்டிக்கொண்டன. அணிலிடம் இருந்த ஒரே விளாம்பழத்தை ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்று பசியாறின. கேட்கக் கேட்க எல்லாருக்கும் கண் கலங்கும்.

"அந்த நாள் இனி வருமா!" என்று முயல் பெருமூச்சு விடும்.

"முள்ளம்பன்றி மட்டும் உள்ளே வரவில்லை. அவ்வளவு கர்வம்!" என்று மைனா கதையை முடிக்கும். எல்லாம் சிரிக்கும். முள்ளம்பன்றி தள்ளிப் புதரோரம் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஓர் ஆண்டு மைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "வேறு யாராவது சொல்லுங்கள்," என்றது கரகரத்த குரலில்.

"நான் சொல்லட்டுமா?" என்றது முள்ளம்பன்றி.

"நீயா? நீதான் உள்ளேயே வரவில்லையே!" என்றது முயல்.

"வந்தேன். ஒரு கால் எடுத்து வைத்தேன். உன் குட்டிகள் பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உள்ளேயோ நெருக்கடி. என் முள் குத்திவிடுமே என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். முதுகில் மழை அடித்தது. ஆனால் முகத்தில் உங்கள் மூச்சுச்சூடு பட்டுக்கொண்டே இருந்தது. விளாம்பழ வாசனை வந்தது. மூன்று நாளும் உங்கள் பேச்சைக் கேட்டேன். அப்படி இன்பமான நாள் எனக்கு வேறு வாய்த்ததில்லை."

யாரும் சிரிக்கவில்லை.

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டது அணில்.

"யாரும் கேட்கவில்லையே."

மைனா தலை குனிந்தது. "நான் குகைக்குள் இருந்துகொண்டே கதை சொல்லிவிட்டேன். வாசலில் நின்று ஒரு தடவையும் பார்க்கவில்லை."

முயல் எழுந்து, பயந்து பயந்து முள்ளம்பன்றியின் முன்னால் போய் நின்றது. "அட, உன் முகத்துப் பக்கம் முள்ளே இல்லையே!"

"இல்லை," என்றது முள்ளம்பன்றி. "இந்தப் பக்கம் யாரும் வந்ததில்லை."

முயல் அதன் கன்னத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

நீதி: ஒருவர் கதையை அவர் வாயால் கேட்காமல் அவரை எடைபோடாதே.