மிச்சச் சுண்ணாம்பு

ஒரு ஊர்ல ஒரு மாமியா இருந்தாக. பேரு இன்னாசியம்மா. அவுகளுக்கு ஒரு மகன், சூசை. சூசைக்கு ஒரு பொண்டாட்டி, சலேத்து. சலேத்து வயித்துல ஒரு பிள்ள. அதுக்கு இன்னும் பேரு இல்ல. அந்தப் பேரு இல்லாத பிள்ளையாலதான் வீட்டுல சண்டையே. ம் சொல்லு.

"ம்."

கண்ணத் தொறந்துக்கிட்டுச் சொன்னா செல்லாது. மூடிக்கிட்டுச் சொல்லு.

"ம்ம்."

சலேத்து எப்போ ஆத்தா வீட்டுக்குக் கிளம்பினாலும் இன்னாசியம்மா வாசல்ல வந்து நிப்பாக. இடுப்புல ரெண்டு கை. தொண்டையில ஒரு செருமல். "க்க்ரும்! ஏட்டி, போறதுதான் போற, அந்த மதலேனு மாதிரி ஒரேயடியாப் போயிராத!"

"மாமா, ஏன் மெல்லப் பேசுத?"

காரணமாத்தான். கதவு சாத்தலல்லா? பேசாமக் கேளு.

அந்த மதலேனு யாருன்னா, சூசையோட தாத்தாவுக்குத் தாத்தா ஒருத்தரு, அருளப்பன்னு. அவரப் பெத்தவ. வெள்ளக்காரன் காலத்துல சந்தியாகுங்கிறவருக்கு வாக்கப்பட்டு வந்தவ. சின்னப் பிள்ளை. கைக்குழந்தைய விட்டுட்டு ஒருநாள் காணாமப் போயிட்டாளாம். எங்க போனான்னு கேட்டா அந்த வீட்டுல ஆளுக்கொரு கதை. சூசையோட மூத்த சித்தப்பா சொல்லுவாரு, "கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போனா, திரும்பல." நடுச் சித்தப்பா சொல்லுவாரு, "அதெல்லாமில்ல, வளையக்காரன் கூடப் போயிட்டா." கடைசிச் சித்தப்பா வாய் நெறைய வெத்தல. "வழயக்காழனுக்கு... ம்ஹ்... முழுக்கு மீழ!" முறுக்கு மீசையாம்! பக்கத்துல நின்னு அளந்து பாத்த மாதிரி!

இத்தனைக்கும் அந்த வீட்டுல பொறந்த அத்தனை பேரும் அவ வயித்து வழி வந்தவுகதான். அது யாருக்கும் நெனப்பு இல்ல.

அப்போ சலேத்து ஒருநாள் அலமாரியத் துடைக்கையில, தொபுக்குனு ஒரு பழைய செபப் புத்தகம் விழுந்துச்சு. கடைசிப் பக்கத்துல குடும்பத்துப் பேரெல்லாம் வரிசையா இருக்கு. செத்தவுக பேருக்குப் பக்கத்துல ஒரு குட்டிச் சிலுவை. சந்தியாகுக்குச் சிலுவை. அருளப்பனுக்குச் சிலுவை. 'மதலேனாள்'னு ஒரு பேரு. அதுக்குப் பக்கத்துல மட்டும் வெறும் தாளு.

சலேத்துக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு. "அத்தை, பொட்டப்பிள்ள பொறந்தா மதலேனுன்னு வைக்கப் போறேன்"ன்னா.

"க்க்ரும்! ஓடிப்போனவ பேரா? எம் பேத்திக்கா? பாத்தியா, சிலுவையே இல்ல. செத்திருந்தாப் போட்டிருக்க மாட்டாகளா? பிள்ளைக்கு எங்க ஆத்தா பேருதான். வியாகுலம்!"

"வியாகுலமா?"

சிரிக்காத. வியாகுலம்னா துக்கம்லா, அந்தப் பிள்ள நெலமைய நெனச்சுப் பாரு. பள்ளிக்கூடத்துல, "வியாகுலம்... உள்ளேன் டீச்சர்..."னு அழுதுக்கிட்டே சொல்லணும்.

அப்புறம் சலேத்து வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கோயில் சாமியாருகிட்டப் போனா. சாமியாரு பழைய பதிவுப் புத்தகங்கள எறக்கினாரு. ஹச்! ஒரு தும்மல். ஹச்! இன்னொண்ணு. சாவுப் புத்தகத்தத் தொறந்தா, பொலபொலபொலன்னு மடியில கொட்டுது. அம்புட்டும் கரையான் தின்னுட்டு. "கரையானுக்கு மட்டுந்தான்மா இனி எல்லாம் தெரியும்"னாரு சாமியாரு.

கல்யாணப் புத்தகம் முழுசா இருந்துச்சு. லத்தீன்ல எழுதினது. சாமியாரு கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி விட்டுக்கிட்டு, "இந்தா இருக்கா. சந்தியாகு, மதலேனாள். பொண்ணுக்கு வயசு பதினாறு"ன்னாரு. அப்புறம் சரக் சரக்னு தாளத் திருப்பினாரு. "அடடே, இதே சந்தியாகுக்கு மறுபடியும் கல்யாணம்."

சலேத்து நிமிந்து உக்காந்தா. "சாமி, பொண்டாட்டி உசுரோட இருக்கையில ஒருத்தனுக்கு ரெண்டாங் கல்யாணம் கட்டி வைப்பீகளா?"

"கட்டி வச்சா ஆயரு என்னையத் தொலைச்சுக் கட்டிருவாரு!"

"அப்போ அந்தச் சாமியாரு மட்டும் கட்டி வச்சிருப்பாரா?"

சாமியாரு மறுபடி குனிஞ்சு பாத்தாரு. "மனைவி இறந்தவர்னு போட்டிருக்கும்மா"ன்னாரு மெதுவா.

ம் எங்க?

"ம்... அவ ஓடிப்போகலையா?"

அதத்தான் சலேத்தும் ஓடி வந்து சொன்னா. ஓடி வரல, வயித்தத் தூக்கிட்டு ஆடி ஆடி வந்தா. இன்னாசியம்மா விட்டுக் கொடுப்பாகளா? "க்க்ரும்! செத்தவளுக்குக் கல்லறை இருக்கணும்லா? நம்ம வரிசையில அத்தனை கல்லுக்கும் நாந்தான் வெள்ளையடிக்கேன். அங்க மதலேனும் இல்ல, ஒருத்தியும் இல்ல. கல்லறையக் காட்டு, நீ சொன்ன பேர வைக்கேன். காட்டலன்னா வியாகுலம்!"

இப்போ என்ன செய்ய? மாசமா இருக்குறவ கல்லறைத் தோட்டத்துக்குள்ள காலு வைக்கக் கூடாது, அந்த ஊரு வழக்கம். கல்லறையக் காட்டணும், ஆனா உள்ள போகக் கூடாது. நல்ல கூத்து!

கல்லறைத் திருநாளுக்கு மொத நாளு ஊரே வாளியும் மட்டையுமா வெள்ளையடிக்கக் கிளம்பிருச்சு. சலேத்து வெளிய மதிலு ஓரமா ஒரு கல்லு மேல ஏறி எட்டிப் பாத்தா. உள்ள இன்னாசியம்மா சளப் சளப்னு அடிக்காக. மாமனாருக்கு ஒரு சளப். அவரு அப்பாவுக்கு ஒரு சளப். சூசை வாளியத் தூக்கிட்டுப் பின்னாலயே போறான்.

எல்லாம் முடிஞ்சு வாளியில கொஞ்சம் மிச்சம். கல்லறைக்குக் கொண்டு போன சுண்ணாம்ப வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாரக் கூடாது, அதுவும் வழக்கம். அப்போ என்ன செய்வாக? வரிசைக் கடைசியில, மூலையில, ஒரு மொட்டைக் குத்துக்கல்லு நிக்கும். பேரும் கெடையாது, ஊரும் கெடையாது. வருசா வருசம் மிச்சத்த அது தலையில கவுத்துட்டு வந்துருவாக. இன்னாசியம்மா மாமியாவும் அங்கதான் கவுத்தாக, அவுக மாமியாவும் அங்கதான் கவுத்தாக. இன்னாசியம்மாவும் இந்தா கவுத்துட்டாக. தொளக்!

உள்ள நிக்கிறவுகளுக்கு அது வெறும் கல்லு. மதிலுக்கு வெளிய நின்னு மொத்த வரிசையையும் பாக்குறவளுக்கு? மத்த கல்லெல்லாம் உப்புக்காத்துல அரிச்சு ஒல்லியாக் கெடக்கு. இது மட்டும் கொழுகொழுன்னு இட்லி மாதிரி உப்பி நிக்கி. இவுக வீட்டு ஆளுங்க பக்கத்துல ஒட்டிக்கிட்டு.

சலேத்து போட்டா பாரு ஒரு சத்தம். "ஏங்க! அந்த மொட்டைக் கல்லச் சொரண்டுங்க!"

சூசை ஆத்தாளப் பாத்தான். பொண்டாட்டியப் பாத்தான். ரெண்டு பேருல யாருக்குப் பயப்படணும்னு ஒரு நிமிசம் யோசிச்சான். அப்புறம் சுண்ணாம்பு கலக்குற கரண்டிய எடுத்தான். கரக். கரக். ஒரு ஏடு அப்பளம் மாதிரி உரிஞ்சு விழுந்துச்சு. கரக். அதுக்கடியில நீலம் போட்ட ஒரு ஏடு. கரக், கரக். அடியில கருங்கல்லு. அதுல ஒரு 'ம'.

"ம்...?"

நீ சொல்லுத 'ம்' இல்லட்டி, மதலேனுக்கு 'ம'! மத்த கல்லுல எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. இதுல மட்டும் நேத்து வெட்டின மாதிரி இருந்துச்சு. சூசை எழுத்தெழுத்தா வாசிச்சான். "சந்தியாகு பாரியாள் மதலேனாள். வயது பத்தொன்பது. வாந்திபேதியில் மரணம்." பாரியாள்னா பொண்டாட்டி.

இன்னாசியம்மாவுக்குச் செருமல் வரல. வெள்ளை ஈரத்துலயே பொத்துன்னு உக்காந்துட்டாக. அந்த எழுத்தத் தடவிக்கிட்டே, "பிள்ளகிட்டச் சொல்லல"ன்னாக.

"யாருகிட்டம்மா?"

"அந்தக் கைக்குழந்தைகிட்ட. அதான் கல்லுல எழுத்து மறையச் சுண்ணாம்ப ஊத்தியிருக்காக, புத்தகத்துலயும் சிலுவை போடல. எழுத்துக் கூட்டி வாசிச்சுருவான்லா... எங்க ஆத்தா செத்தப்பவும் எனக்கு யாரும் சொல்லல. ஆத்தா அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா, வந்துருவான்னாக. நான் வாசல்லயே நின்னேன்."

மதிலுக்கு வெளிய சலேத்து எறங்காம நின்னா. வாசல்ல இடுப்புல கை வச்சு நிக்கிற ஒரு ஆளு அவ கண்ணுக்கு இப்போ வேற மாதிரித் தெரிஞ்சுது.

அப்புறம் இன்னாசியம்மா எந்திரிச்சு சேலையத் தட்டினாக. "ஏலே சூசை, சுண்ணாம்பு இருக்கா?"

"இல்லம்மா. எல்லாத்தையும் நீதான் அவ தலையில ஊத்திட்ட."

"அப்போ புதுசாக் கலக்கு. இனிமே மொத வாளி இவளுக்கு. எழுத்துல படாம அடி." மதிலப் பாத்து ஒரு கத்து. "க்க்ரும்! ஏட்டி சலேத்து! கீழ எறங்கு! எம் பேத்தி மதலேனு விழுந்துறப் போறா!"

வீட்டுக்கு வந்ததும் செபப் புத்தகத்துல அந்தக் குட்டிச் சிலுவைய அவுக கையாலயே போட்டாக. கொஞ்சம் கோணலா.

"மாமா... அந்தப் பிள்ள இப்போ எங்க?"

எங்கயா? போர்வைய மூக்கு வரைக்கும் இழுத்துக்கிட்டு, என் சட்டைப் பொத்தானத் திருகிக்கிட்டு, "ம்... ம்..."னு...

"க்க்ரும்! ஏலே, அங்க எங் கொரல்ல பேசுதது யாரு?"

ஐயோ. ஒண்ணுமில்ல அத்தை! செபம் சொல்லிக் குடுக்கேன்!

"மதலேனு தூங்கிட்டாளா?"

ஏ மதலேனு... மதலேனு?

'ம்'மக் காணும். சரி. சுண்ணாம்பு தீந்துது, வாளி கவுந்துது, கதையும் காஞ்சுது. தூங்குட்டி, தூங்கு.