வாய் திறக்காத ஸ்கேனர்

"என் தம்பி திருடனுங்க மேடம்."

உள்ளே வந்ததும் சென்னியப்பன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

தமயந்தி சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார். அவரிடம் எலக்ட்ரானிக்ஸ் கற்க வரும் இந்தச் சீடருக்கு வயது ஐம்பத்தைந்து, குருவுக்கு அதில் பாதி. காந்திபுரத்து மாடியறையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

"என்னத்தைத் திருடினாருங்க?"

"இனிமேத்தான் திருடுவான். பக்கத்துப் பட்டறைக்காரன்கூட டீக்கடையில நின்னு சிரிக்கிறான். சும்மா சிரிப்பானுங்களா?"

அடேயப்பா! தம்பி பிறப்பதற்கு முன்னாலேயே இந்த மனுஷனுக்குச் சந்தேகம் கூடப் பிறந்துவிட்டது.

சென்னியப்பன் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியையும் பார்கோடு ஸ்கேனரையும் எடுத்து வைத்தார். ஜவுளிக்கடையில் துணியின் விலையைக் காட்டும் பெட்டி. உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு போர்டு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்தது.

"இந்த ஸ்கேனரைக் கம்ப்யூட்டர்ல சொருகினா நல்லா வேலை செய்யுது. எங்க பெட்டியில சொருகினா செத்துக் கிடக்குது. அவன்தான் ஏதோ பண்ணிட்டான். பட்டறைச் சாவியைப் பிடுங்கிட்டு வெளிய அனுப்பிட்டேன். நாளைக்குப் பங்கு பிரிக்கறோம்."

"அவர் செஞ்சதுல நீங்க எதையாச்சும் மாத்துனீங்களா?"

"பின்னே? ஸ்கேனருக்குக் கரண்ட் போற மாதிரி ஒரு சிவப்பு ஒயர் வெச்சிருந்தான். நம்ம போர்டு கம்ப்யூட்டர்கிட்ட கரண்ட் வாங்கித்தானுங்க பழக்கம். இதென்ன புதுசா நாம கொடுக்கிறது? வெட்டிட்டேன்."

தமயந்தி ஒயரைத் திரும்பப் பற்றவைத்தார். ஸ்கேனரில் விளக்கு எரிந்தது.

சென்னியப்பன் பார்கோடு அச்சடித்த துணிச்சீட்டை அதன்முன் நீட்டினார். பெட்டியில் விலை வரவில்லை.

"பாத்தீங்களா! வாயே திறக்க மாட்டேங்குது."

"புரோகிராம்ல கைய வெச்சீங்களா?"

"அதுலயும் ஒரு வரி எழுதியிருந்தான். 'ஏதாச்சும் இருக்கா, ஏதாச்சும் இருக்கா'ன்னு ஸ்கேனரை ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கும். இருந்தா அதுவா சொல்லாதா? எதுக்கு இந்த நச்சரிப்பு? எடுத்துட்டேன்."

"யூஎஸ்பியில கேக்காம எதுவும் பேசாதுங்க. உங்க கம்ப்யூட்டரும் கேட்டுக்கிட்டேதான் இருக்குது."

அந்த வரியைத் திரும்பச் சேர்த்தார். சீட்டை நீட்டினார். விலை வந்தது.

சென்னியப்பன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். மறுபடி சீட்டை நீட்டினார். விலை சரியாகத்தான் வந்தது. அதிலும் அவருக்குத் திருப்தி இல்லை.

"அப்ப அவன் ஏனுங்க எங்கிட்டச் சொல்லல? சாவியைப் பிடுங்குறப்பக் கல்லு மாதிரி நின்னான். அன்னைக்கிருந்து ஒரு போன் இல்ல. தப்புப் பண்ணாதவன் வாயத் திறந்து சொல்ல மாட்டானா?"

தமயந்தி சிவப்பு ஒயரைப் பிடித்து இழுத்தார். விளக்கு அணைந்தது. துணிச்சீட்டை எடுத்துச் சென்னியப்பன் கையில் கொடுத்தார். "இப்பக் கேட்டுப் பாருங்க, வாயத் திறக்குதான்னு."

அவர் சீட்டை நீட்டவில்லை. அணைந்த ஸ்கேனரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போனை எடுத்தார்.

மறுமுனையில் தம்பி எடுத்தான். ஒன்றும் பேசவில்லை.

"நாச்சிமுத்து... சாப்பிட்டியாடா?"