மணிக்கட்டுக்கு எடுத்த படம்

கம்பம் போகும் சாலையில் ஒரு மருத்துவமனை. அதன் எக்ஸ்ரே பிரிவைப் பார்த்துக்கொண்டவர் கமருதீன். படம் எடுப்பார். படம் எடுக்கக் கற்றும் கொடுப்பார்.

அந்த வருடம் அவரிடம் படிக்க வந்தவர்களில் ஒருவர் அற்புதம். பதினெட்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவர். முதுகில் வலி வந்து, நோயாளிகளைத் தூக்கிப் புரட்ட முடியாமல் போனது. நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒரு வேலையைக் கற்க வந்தார். கமருதீனுக்கு அவரைவிட ஐந்து வயது குறைவு. இருந்தாலும் அற்புதம் அவரை ‘சார்’ என்றார். அவர் அற்புதத்தை ‘சிஸ்டர்’ என்றார்.

நோயாளிகளோடு பழக அற்புதத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இயற்பியல்தான் பிடிபடவில்லை.

“எலும்பு மட்டும் ஏன் சார் வெள்ளையா விழுது?”

“எலும்புல சுண்ணாம்பு இருக்கு. கதிரை நிறுத்திடும். நுரையீரல் பூராவும் காத்து, அது விட்டுடும். கதிர் வந்து விழுந்த இடம் கறுப்பு. வராத இடம் வெள்ளை.”

“நின்னுபோன கதிர் எங்க சார் போகும்?”

“உடம்புலயே முடிஞ்சுபோகும். அங்கதான் கெடுதலும் இருக்கு. அதனாலதான் தேவைக்கு மேல ஒரு படம்கூட எடுக்கக் கூடாதுங்கறோம்.”

அற்புதம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். வார்டில் இருந்தவரை எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலே நர்ஸுகள் எல்லோரும் வெளியே ஓடுவார்கள். அவரும் ஓடியிருக்கிறார். எதற்கு ஓடுகிறோம், எவ்வளவு தூரம் ஓடினால் போதும் என்று அப்போது யாரும் சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. வெளியே நல்ல கூட்டம். கமருதீன் அடுத்த அறையில் விபத்தில் அடிபட்ட ஒருவருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அற்புதத்திடம் நெஞ்சுப் படங்களை விட்டிருந்தார்.

வினோதா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மூன்று வாரமாக இருமல். அற்புதம் அவளை நிற்க வைத்து, தோளை முன்னால் தள்ளச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். படம் நன்றாக வந்தது.

துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே வினோதா கேட்டாள்.

“அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. நேத்துதான் டெஸ்ட் பண்ணினேன். இதனால ஒண்ணும் ஆகாதுல்ல?”

கர்ப்பமா என்று அற்புதம் கேட்கவே இல்லை. முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் மறந்துபோனது.

“ஐயோ! முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே வெளுத்தது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அற்புதம் அடுத்தவரை அழைக்கவில்லை. நேராகக் கமருதீனிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றுதான்.

“இப்ப அவங்க எங்க?”

வினோதா வெளியே மாடிப்படி அருகில் நின்றிருந்தாள். காதில் போன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“மாமியார்,” என்றாள் கமருதீனைப் பார்த்து. “குழந்தை ஊனமாத்தான் பொறக்கும், தங்கவே வேணாம், சாயங்காலமே கலைச்சிடலாம்ங்கறாங்க.”

படம் எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

கமருதீன் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள்.

“அம்மா, நான் இங்க எக்ஸ்ரே எடுக்கறவன் பேசறேன். ஒரு அரை மணி நேரம் பொறுங்க. டாக்டரம்மாவே உங்ககிட்டப் பேசுவாங்க. அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணாதீங்க.”

பிறகு வினோதாவை உள்ளே அழைத்து வந்தார். மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார். எக்ஸ்ரே குழாயின் பக்கத்தில் இருந்த விளக்கைப் போட்டார். எதிரே பலகையில் மஞ்சளாக ஒரு சதுர வெளிச்சம் விழுந்தது. அதில் தன் கையை நீட்டினார்.

“பயப்படாதீங்க. இது வெறும் விளக்கு. இந்த வெளிச்சம் எதுவரைக்கும் விழுதோ, அதுவரைக்கும்தான் கதிரும் போகும். நாங்க உங்க நெஞ்சுக்கு மட்டும்தான் திறந்தோம். பாருங்க, உங்க படம். இந்த ஓரத்தோட முடிஞ்சுபோச்சு. குழந்தை இருக்கற இடம் இதுல இல்லவே இல்லை.”

“கொஞ்சம்கூடப் போயிருக்காதா சார்?”

“பொய் சொல்ல மாட்டேன். உள்ள போன கதிர் கொஞ்சம் சிதறும். அதுல ஒரு துளி கீழே போயிருக்கும். ஆனா மண்ணுலேர்ந்தும் கல்லுலேர்ந்தும் வானத்துலேர்ந்தும் நம்ம எல்லார் மேலயும் தினமும் கொஞ்சம் கதிர் பட்டுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில நாள்ல அந்த அளவு பட்டுடும். இதனால குழந்தைக்கு ஊனம் வராது.”

“அது உள்ளேயே தங்கிடுமா?”

“டார்ச்சை அணைச்ச பிறகு வெளிச்சம் ரூம்ல தங்குதா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

கமருதீன் அவளை மகப்பேறு டாக்டர் மங்களேஸ்வரியிடம் தானே அழைத்துப் போனார். டாக்டரும் அதையேதான் சொன்னார். போனில் மாமியாரிடமும் சொன்னார். அந்த அம்மாளைச் சம்மதிக்க வைக்க இரண்டு முறை கோபப்பட வேண்டியிருந்தது. வினோதா இருமலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அற்புதத்திடம் வந்து “வர்றேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் கூட்டம் வடிந்தது. இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்தார்கள். அற்புதத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“கேட்காம எடுத்தது என் தப்பு சார்.”

“தப்புதான். இனிமே கேட்பீங்க.”

“ஐயோன்னு சொன்னதும் தப்பு.”

கமருதீன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஆனா நல்லவேளை, சரியாயிடுச்சு. தப்பா ஒண்ணு சொல்லிட்டாலும், போய்த் திருத்திச் சொல்லிட்டா சரியாயிடும் இல்ல சார்?”

கமருதீன் டப்பாவை மூடி வைத்தார்.

“எனக்கு இருபத்தேழு வயசு அப்ப,” என்றார். “வேற ஊர்ல வேலை. ஜெயசுதான்னு ஒருத்தங்க வந்தாங்க. ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. மேஜை மேல கையை வைக்கச் சொல்லி ரெண்டு படம் எடுத்தேன். எலும்புல விரிசல் விட்டிருந்தது. படத்தை வாங்கிக்கிட்டுப் போறப்ப அவங்க வீட்டுக்காரர் சொன்னார், ‘கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு இப்பதான் உண்டாகியிருக்கா சார்’னு. சந்தோஷமாத்தான் சொன்னார்.”

“நீங்க?”

“‘என்ன சார் இது, இப்படிப் பண்ணிட்டீங்களே’ன்னேன். ‘டாக்டர்கிட்டச் சொல்லிடுங்க’ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். தெரிஞ்சு சொல்லல சிஸ்டர். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லுவார். அதையே சொன்னேன்.”

அற்புதம் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

“மாவுக்கட்டுப் பிரிக்க ஒரு மாசம் கழிச்சு வந்தாங்க. மறுபடியும் படம் எடுக்கணும். இந்தத் தடவை ஞாபகமாக் கேட்டேன், ‘உண்டாகியிருக்கீங்கல்ல?’ன்னு. ‘இல்லை சார், கலைச்சுட்டோம்’னாங்க. கட்டுப் போட்ட டாக்டர்கிட்டக்கூடச் சொல்லவே இல்லை. யாருக்கும் தெரிய வேணாம்னு வெளியூர்ல போய்ப் பண்ணியிருக்காங்க. பாவம்னு நினைச்சேன். தப்புப் பண்ணிட்டோம்னு அப்பவும் எனக்குத் தோணல.”

“எப்ப சார் தெரிஞ்சுது?”

“அடுத்த வருஷம் ஒரு பயிற்சிக்கு அனுப்பினாங்க. இயற்பியல் பாடம் எடுத்தவர் போர்டுல ஒரு பொம்பளை உருவம் வரைஞ்சார். எந்தப் படத்துக்கு வயித்துக்குள்ள எவ்வளவு போகும்னு ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டே வந்தார். இடுப்புக்கு இவ்வளவு, நெஞ்சுக்கு இவ்வளவுன்னு. நான் எழுந்து மணிக்கட்டுக்கு எவ்வளவு சார்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது. அவரும் சிரிச்சுட்டு, ‘அதை எழுத போர்டுல எடம் பத்தாதுய்யா, புள்ளி வெச்சு அத்தனை சைபர் போடணும்’னார்.”

கமருதீன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“வெளியே போய் மூஞ்சியைக் கழுவினேன். திரும்பி வந்து உட்கார முடியல. மறுநாளே ஊருக்குப் போயி, பழைய ரிஜிஸ்டரைத் தேடி அவங்க விலாசத்தை எடுத்தேன். ரெண்டு பஸ் மாறிப் போகணும். வழி பூரா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே போனேன். கால்ல விழுந்துடலாம்னுகூட நினைச்சேன். கதவைத் திறந்தவங்க உடனே அடையாளம் கண்டுபிடிச்சு, ‘எக்ஸ்ரே சாரா!’ன்னு உள்ளே கூப்பிட்டாங்க.”

“குழந்தை?”

“வீட்டுல குழந்தை இல்லை. ‘அதுக்கப்புறம் தங்கல சார்’னாங்க, நான் கேட்காமலேயே.”

அற்புதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சொல்லிட்டீங்களா சார்?”

“சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவங்களே பேச ஆரம்பிச்சுட்டாங்க. ‘உங்களை நாங்க நினைக்காத நாளில்லை சார். அன்னைக்கு நீங்க மட்டும் சொல்லலேன்னா அந்தக் குழந்தை ஊனமாப் பொறந்து என்ன பாடு பட்டிருக்கும். அதைக் காப்பாத்தினோம்னு நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன்’னாங்க. எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாங்க. கிளம்பறப்ப ரெண்டு கையையும் கூப்பி, ‘ரொம்ப நன்றி சார்’னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘பரவாயில்லைம்மா’ன்னு சொன்னேன்.”