அப்பழுக்கில்லாத ஏரித் தலைவர்

முன்னொரு காலத்தில், ஒரே ஒரு பெரிய ஏரியை நம்பிப் பிழைத்த நாடு ஒன்று இருந்தது. ஏரிக்குத் தலைவரை ஊரார் குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டு மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, ஏரி தளும்பிக்கொண்டிருந்தபோது தேர்தல் வந்தது.

ஒரு கட்சிக்குச் செங்கோடன் நின்றான். மடை, மதகு, கரை எல்லாம் அவனுக்கு அத்துப்படி. எதிர்க்கட்சிக்குப் படைத்தலைவரான தண்டநாயகர் வீரசேகரரின் மைத்துனன் அழகப்பெருமாள் நின்றான். ஏரியைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. ஆகவே அவன் ஆட்கள் தெருத்தெருவாக முரசடித்து, "பொண்டாட்டியோட வாழத் தெரியாதவன் ஏரியைக் காப்பாத்துவானா?" என்று கூவினார்கள். செங்கோடனின் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள். செங்கோடன் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அழகப்பெருமாளின் சூதாட்டத்தைப் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள். ஊரே அமர்க்களப்பட்டது. கரையில் கசிவு கண்டிருந்ததை மட்டும் யாரும் பேசவில்லை.

விகடகவி மருதவாணனுக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, இரு கட்சியாரையும் ஏரியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்" என்று சபையில் கேட்டான்.

அவன்மேல் நெடுநாள் பொறாமை கொண்டிருந்த வீரசேகரர், "தலைவனுக்கு ஒழுக்கம் வேண்டாம் என்கிறார் விகடகவி" என்று திரித்துவிட்டார்.

மன்னருக்கு ஒரு விபரீத ஆசை எழுந்தது. "மருதவாணா, எள்ளளவும் குற்றமில்லாத ஒருவரை நாளைக் காலையில் கொண்டுவந்து நிறுத்து. அவரே ஏரித் தலைவர். இயலாவிட்டால் நாட்டைவிட்டுப் போய்விடு."

மருதவாணன் அன்று மாலை ஊரைச் சுற்றி நடந்தான். வீடு வீடாக யோசித்துப் பார்த்தான். தன் வீடு உட்பட ஒன்றும் தேறவில்லை. சிற்பக்கூடத்தைக் கடக்கும்போதுதான் அவன் முகம் மலர்ந்தது.

மறுநாள் மேளதாளத்தோடு ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. அதில் பட்டுப் போர்வைக்குள் ஓர் ஆள் நின்றார். ஊர் திரண்டது.

"யாருங்க இவரு? பேசவே மாட்டேங்கிறாரே."

"வம்பு பேசாதவரு போல. என் ஓலை இவருக்குத்தான்."

அரண்மனை முற்றத்தில் மருதவாணன் போர்வையை விலக்கினான். உள்ளே வாயிற்காவலன் கற்சிலை.

"மன்னா, இவர் குடிக்கமாட்டார், சூதாடமாட்டார். மனைவியோடு ஒருநாளும் சண்டை போட்டதில்லை."

"கல்லுக்கு மடை திறக்கத் தெரியுமா?" என்று சீறினார் வீரசேகரர்.

"அதை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் ஐயா நானும் காத்திருந்தேன்."

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்படியானால் தலைவனின் நடத்தையைக் கேட்கவே கூடாதா?"

"கேட்கலாம் மன்னா. மடைக்காவலில் குடித்துவிட்டுத் தூங்கினால் அது ஊர் வழக்கு. ஏரிப் பணத்தை வைத்துச் சூதாடினால் அதுவும் ஊர் வழக்கு. மனைவி ஏன் கோபித்தாள் என்பது அவர்கள் இருவர் வழக்கு."

அப்போது ஏரிக்காவலன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "ராசா, கரை உடையுது. செங்கோடன் மண்ணு போட்டு அடைச்சுக்கிட்டிருக்காரு. ஆளு பத்தலை."

மன்னர் குதிரையில் பாய்ந்தார். இரு கட்சியாரும் பின்னால் ஓடினார்கள். அழகப்பெருமாள்கூடக் கூடை சுமந்தான். உச்சிவேளைக்குள் உடைப்பு அடைபட்டது.

சேறு அப்பிய முகத்தோடு மன்னர் திரும்பினார். "மருதவாணா, உன் ஆள் மட்டும் வரவில்லையே?"

"வந்தார் மன்னா, அதே மாட்டுவண்டியில். உடைப்பின் வாயில் உருட்டிவிட்ட பெரிய கல் அவர்தான்."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செங்கோடனைத் தலைவனாக்கும்படி ஊரார் ஓலை போட்டார்கள். மருதவாணனுக்கு அந்த ஏரிப் பாசனத்திலேயே, தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில், இரண்டு வேலி நிலம் கிடைத்தது. பரிசு வாங்கிய கையோடு அவன் செங்கோடனிடம் ஓடி, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டான்.