அண்ணாந்து பார்க்கும் வண்டி

அரிசி ஆலை வெள்ளியங்கிரிக்கு ஒரே ஆசை. தன் பிக்கப் வண்டி வந்தால் தாராபுரமே அண்ணாந்து பார்க்க வேண்டும்.

“பெரிய வீல், பெரிய டயர் போட்டு ஒன்றரை அடி தூக்கிவிடு,” என்றார் மெக்கானிக் மாசிலாமணியிடம். பட்டறை இருந்த இடம் வெள்ளியங்கிரியுடையது.

“ஏறுறதுக்குப் படி ஒண்ணு வேணுமுங்களே?”

“படி வெச்சா வண்டி குட்டையாத் தெரியும். எதுத்துப் பேசினா இடத்தைக் காலி பண்ணு.”

மாசிலாமணி சொன்னபடியே வேலையை முடித்தான். சந்தை நாளாகப் பார்த்து வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினான். கூட்டம் கூடிவிட்டது. மொடமொடவென்ற வேட்டியில் வந்த வெள்ளியங்கிரி, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார். கால் போன உயரத்துக்கு வேட்டியும் போனது.

மாசிலாமணி குரல் கொடுத்தான்: “ஐயா ஏறுறாங்க! எல்லாரும் அண்ணாந்து பாருங்க!”

வெள்ளியங்கிரி வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி கத்தினார்: “ஒருத்தனும் பார்க்கக் கூடாது! அந்தப் பக்கம் திரும்புங்கடா!”

சந்தையே திரும்பி நின்றது. தோள்கள் மட்டும் குலுங்கின.

“படி ஒண்ணு அடிக்க எத்தனை நாளாகும்?” என்றார் தணிந்த குரலில்.

மாசிலாமணி டூல்ஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து பளபளக்கும் இரும்புப் படியை எடுத்தான்.

“முந்தாநாளே அடிச்சுட்டேனுங்க. உங்க வேட்டியை மனசுல வெச்சுத்தான் அளவெடுத்தேன்.”