மௌனத் தாயாருக்குக் காது வலி

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்தில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் உட்கார வேண்டும். வேறு சட்டதிட்டம் எதுவும் இல்லை. பத்தாவது நிமிடத்தில் ஒருவர் இருமுவார், இன்னொருவர் கொசு அடிப்பார். மூத்த சீடர் தணிகாசலம் கண்ணை மூடியபடியே யார் யார் அசைகிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டிருப்பார்.

தணிகாசலம் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தை நடத்தும் சாமி அவரைவிடப் பதினேழு வயது இளையவர். அதனால் சாமியும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

சாமி வடக்கே யாத்திரை போயிருந்த சமயத்தில், எழிலரசனும் கோமளாவும் தங்கள் ஆறு வயது மகள் நிறைமதியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் அவள் மின்விசிறியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பேச்சு வரவில்லை என்று கோமளா சொன்னதும் தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம்மால் ஒரு மணி நேரம் முடியவில்லை, இந்தத் தாய் ஆறு வருடமாக மௌனம் காக்கிறாள் என்று சொல்லி, அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழந்தை வீறிட்டு அலறினாள். சோதிக்கிறாள் என்றார்.

ஒரே மாதத்தில் அவள் மௌனத் தாயார் ஆகிவிட்டாள். பட்டுப்பாவாடை கட்டி ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை வாசல் வரை நின்றது. ஒவ்வொருவரும் காலைத் தொட்டார்கள், ஒவ்வொரு முறையும் அவள் அலறினாள். அலறல் பெரிதாக இருந்தவர்களுக்கு அருள் பெரிது என்று பேசிக்கொண்டார்கள்.

எழிலரசனுக்கு இது பிடித்திருந்தது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், பிள்ளையை மட்டும் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் தாம்பூலம் தருவார்கள். வசம்பு உரைத்து நாக்கில் தடவியாயிற்று. வேண்டிக்கொள்ளாத கோயில் இல்லை. இங்கேதான் முதல்முறையாக அவர் மகளைப் பார்த்து நாலு பேர் கை கூப்பினார்கள். கோமளா மட்டும் சமையல்கட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

சாமி திரும்பி வந்த அன்று நிறைமதி விடியற்காலையிலிருந்தே காதில் அடித்துக்கொண்டிருந்தாள். தாயாருக்கு உள்ளே நாதம் கேட்கிறது என்று தணிகாசலம் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சாமி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே போய்ப் பலகைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். குழந்தையின் காதிலிருந்து சீழ் வடிந்து பட்டுச் சட்டையில் ஒட்டியிருந்தது. நெற்றி நெருப்பாகக் கொதித்தது.

ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, நாலு நாளாக வலித்திருக்கும், ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டார்.

காய்ச்சல் விட்ட பிறகு கோமளா சாமியிடம் வந்தாள். மகளைப் பலகையில் உட்கார வைத்ததிலிருந்து வாய் திறக்காதவள் அன்றுதான் பேசினாள்.

"சாமி, எம்பொண்ணு தெய்வமா இருக்க வேணாம். எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டா போதும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. சாமி அந்தக் கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு, "எனக்குத் தெரியாது" என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்த மடத்தில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

கடைசி வரிசையில் செண்பகவல்லி எழுந்தாள். பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சர். இது ஆட்டிசமாக இருக்கலாம் என்று முதல் நாளே தோன்றியதாகவும், மாவட்ட மருத்துவமனையின் பின்கட்டில் இந்தக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்றும், தன் அக்கா மகன் அங்கேதான் போகிறான் என்றும் சொன்னாள்.

"முதல்லயே ஏம்மா சொல்லல?" என்றார் தணிகாசலம்.

"எல்லாரும் கும்பிட்டுட்டு இருந்தீங்க. நடுவுல வந்து நான் எப்படிங்க சொல்றது?"

அடுத்த நாள் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். சாமியும் வந்தார், தணிகாசலமும் வந்தார். வழியெல்லாம் தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை.

"நீங்களே தெரியாதுன்னு சொல்லிட்டா, நாளைக்கு மடத்துக்கு எவன் சாமி வருவான்?"

"தெரிஞ்சவங்க வருவாங்க ஐயா" என்றார் சாமி.

மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் நிதானமாகப் பார்த்து, செண்பகவல்லி சொன்ன அதே பெயரைச் சொன்னார். கோமளா அழுதாள். ஆறு வருடம் ஆளாளுக்கு ஒன்று சொன்னதற்கு இப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது, இனி அதைச் சொல்லி வழி கேட்கலாம் என்றாள்.

ஸ்பீச் தெரபிஸ்ட் செலினுக்கு இருபத்தாறு வயது இருக்கும். முதல் நாள் அவள் நிறைமதியைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குழந்தை பார்த்த மின்விசிறியைத் தானும் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபேன் பார்க்கவா சாமி ரெண்டு பஸ் மாறி வந்தோம்?" என்று தணிகாசலம் கிசுகிசுத்தார். வாரியத்தில் முப்பது வருடம் இருந்தவருக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

"நாம இத்தனை நாளா அவளையே பார்த்தோம். அவ என்ன பார்க்கறான்னு இவங்கதான் முதல்ல பார்க்கறாங்க."

வாரத்தில் இரண்டு நாள் போனார்கள். படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகளைக் கொடுத்து, தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் அட்டையை எடுத்துத் தரலாம் என்று செலின் பழக்கினாள். பேச்சு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், அதுவரை அவள் காத்திருக்கத் தேவையில்லை என்றாள். கோமளாவுக்கு அந்த ஒரு பேச்சே பாதி பாரத்தை இறக்கியது. எழிலரசனை மருத்துவமனையின் மனநல ஆலோசகர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் கண் சிவந்து வெளியே வந்து, வெளி பெஞ்சில் காத்திருந்த சாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளையைப் பற்றி எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இதுவரை யாருமே கேட்டதில்லை என்றார். அந்த பெஞ்சில் இருந்த மற்றப் பெற்றோர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், யாரோ ஒரு அம்மா டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் நீட்டினாள். எழிலரசன் வாங்கிச் சாப்பிட்டார்.

நாலாவது மாதம் ஒரு மதியம் நிறைமதி வீட்டில் ஒரு அட்டையைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். காது படம். கோமளா அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். திரும்பும் வழியில் மடத்துக்கு வந்து சாமியிடம் சொன்னபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"காது வலின்னு எங்கிட்ட சொல்லிட்டா சாமி."

மறுநாள் காலை குரு வணக்கம். மடத்தை நிறுவியவரில் தொடங்கி ஏழு குருமார்களின் பெயரைச் சொல்லி வணங்குவது வழக்கம். சாமி ஏழையும் சொல்லிவிட்டு, செண்பகவல்லி, செலின் என்று இரண்டு பெயரைச் சேர்த்துச் சொன்னார். கூடவே சொல்லிக்கொண்டு வந்த தணிகாசலம் ஒன்பதாவது பெயரில் தடுமாறினார்.

"சாமி, செலின் வேற மதத்துப் பொண்ணு."

"கேட்டுட்டுத்தான் சேர்த்தேன். சொல்லிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க."

பிறகு தணிகாசலமும் சொல்லிப் பழகினார். பழகப் பழக, ஒன்பதாவது பெயர் வரும்போது அவர் குரல் இளகியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறைமதி மடத்துக்கு வந்தாள். பருத்திச் சட்டை போட்டு, அட்டைகளை வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டியிருந்தாள். அவளைப் பார்த்ததும் தணிகாசலத்துக்குப் பழக்கம் விடவில்லை. இந்தக் குழந்தையால்தானே மடத்துக்கு இரண்டு புதிய குருமார்கள் கிடைத்தார்கள் என்று நெஞ்சு நிறைந்து, குனிந்து அவள் காலுக்குக் கையைக் கொண்டுபோனார்.

அவள் அலறவில்லை. ஒரு அடி பின்னால் போனாள். வளையத்திலிருந்து ஒரு அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். தடுத்து நிறுத்துவது போல ஒரு உள்ளங்கைப் படம்.

தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி, அத்தனை நாளும் இதைத்தான் கத்திட்டு இருந்தாளா?"

சாமி தலையாட்டினார்.

தணிகாசலத்துக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. அவள் கொடுத்ததாயிற்றே என்று அந்த அட்டையை இரண்டு கண்ணிலும் ஒற்றிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். நிறைமதி அவர் பையையே பார்த்துக்கொண்டு கையை நீட்டியபடி நின்றாள்.

"அது பிரசாதம் இல்ல ஐயா, அவ பேச்சு" என்றார் சாமி. "அவகிட்டயே கொடுத்துடுங்க."